வந்ததும் போட்டதும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

திருமங்கலத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். நான்கைந்து வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களுக்கு மகன் பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது. ஒன்றரை மாத ஊசி போட்டுவந்த அன்று ராத்திரி பூரா அழுதான். காய்ச்சல் 101 டிகிரி. தொடை கல் மாதிரி இறுகிவிட்டது. இரண்டு நாளில் சரியாகிவிட்டாலும் அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை. பிறந்தவுடன் கையில் போட்ட ஊசி வேறு இப்போது சீழ் கோர்த்து நிற்கிறது. வரும் புதன்கிழமை இரண்டரை மாத ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கூடப் படித்த நண்பன் ஒருவன் மரபு வாழ்வியல் குழுவில் இருக்கிறான். ஊசியில் பாதரசம் இருக்கிறது, ஆட்டிசம் வரும், காசநோய்க்குப் போடுகிற பிசிஜி ஊசி வேலை செய்யாது என்று செங்கல்பட்டில் சர்க்காரே கண்டுபிடித்தது என்கிறான். "ஒரு வயசு வரைக்குமாவது பொறுடா" என்கிறான். "உங்க மூணு பேருக்கும் எந்த ஊசியப் போட்டேன், நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார் அம்மா. மனைவி போட்டே ஆகவேண்டும் என்கிறாள். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. நீங்கள் டாக்டர் இல்லை என்று தெரியும். ஆனாலும் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

ச.
திருமங்கலம்

அன்புள்ள ச.,

புதன்கிழமைக்கு முன்னால் கிடைக்க வேண்டுமே என்று உங்கள் கடிதத்தை வரிசையை மீறி எடுத்துக்கொண்டேன். என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். போடுவேன், அதுவும் அந்தப் புதன்கிழமையே. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எழுத்தாளனை நம்ப முடியாது, சுற்றி வளைத்து எங்கேயாவது போய்விடுவான்.

உங்களைப் பார்த்து முகம் சுளிக்க எனக்குத் தகுதி கிடையாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசியை ஒன்பது மாதத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள், பள்ளிக்கூடங்களுக்கே வந்து. அந்த மாதம் வாட்ஸப்பைத் திறந்தாலே பீதிதான். எந்த ஊர், எந்தப் பிள்ளை என்ற விவரம் எதிலும் இருக்காது. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. ஊசி போடும் நாளில் காய்ச்சல் என்று பொய் சொல்லி அவளுக்கு லீவு எடுத்தேன். மேடை ஏறினால் பகுத்தறிவு பேசுகிற ஆள் நான். ஐந்து மாதம் கழித்து, தெரிந்த குழந்தை டாக்டர் ஒருவரிடம் சத்தமில்லாமல் கூட்டிப்போய்க் காசு கொடுத்துப் போட்டுவந்தேன். சும்மா கிடைத்ததைக் காசு கொடுத்து, அதுவும் திருட்டுத்தனமாக. டாக்டர் திட்டவில்லை. "எதுக்கு சார் பயந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் யோசித்ததில் கொஞ்சம் தெரிந்தது.

தமிழில் நோய் வரும். காய்ச்சல் வந்தது, கக்குவான் வந்தது, அம்மை இறங்கியது என்போம். யாரும் கொண்டுவருவதில்லை, அதுவாக வருகிறது. பிள்ளை இறந்துபோனால்கூட "தங்கவில்லை" என்றுதான் சொல்லுவார்கள். ஊசியை மட்டும் நாம் போடுகிறோம். கூட்டிப்போனது நான், கையெழுத்துப் போட்டது நான், உதறிய காலைப் பிடித்துக்கொண்டது நான். வந்த நோய்க்கு நோயே எழுவாய். போட்ட ஊசிக்கு அப்பன் எழுவாய். அன்றைக்கு ராத்திரி உங்களைப் போட்டு அறுத்தது "நானே கொண்டுபோய்க் கொடுத்தேனே" என்ற நினைப்புதான் என்று ஊகிக்கிறேன். ஊசி போடாமல் இருந்து நாளைக்குக் கக்குவான் வந்தால், அது விதியின் கணக்கில் போய்விடும். 2017-இல் நான் நழுவப் பார்த்தது அந்த எழுவாய் இடத்திலிருந்துதான். ஆனால் "விட்டேன்" என்ற சொல்லுக்கும் எழுவாய் நான்தானே? இது உறைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

என் தாய்மாமன் பெயர் மூக்கையா. சோழவந்தான் பக்கம். உங்கள் பக்கமும் இந்தப் பெயர் தெருவுக்கு ஒன்று இருந்திருக்கும். இப்போது பிறக்கிற பிள்ளைக்கு யாராவது வைக்கிறார்களா? முன்னால் பிறந்ததுகள் தங்காமல் போன வீட்டில், அடுத்து வருகிற பிள்ளைக்கு மூக்கைக் குத்திவிடுவார்கள். பழுதுபட்ட பிள்ளை என்று எமன் ஒதுக்கிவிட்டுப் போகட்டும் என்று. குப்பைமேட்டில் உருட்டி எடுத்தால் குப்பன், குப்பம்மா. அடுத்த வீட்டில் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கினால் பிச்சை. அம்மாச்சி பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. எனக்கு ஐந்து வயதில் மணல்வாரி போட்டபோது, அவள் ஜெனகை மாரியம்மன் கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து, வேப்பிலையால் தடவியபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். நான் தங்கினேன். மாமாவின் மூக்கில் தூர்ந்துபோன துளை ஒரு புள்ளியாகக் கடைசிவரை இருந்தது. யோசித்துப் பார்த்தால், அம்மாச்சியும் பிள்ளையை ஊசியால் குத்தித்தான் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். அவள் கைக்கு எட்டிய ஊசி அது ஒன்றுதான்.

இந்தப் பெயர்கள் இரண்டு தலைமுறையில் காணாமல் போனதற்குத் தடுப்பூசி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். நல்ல தண்ணீர், வயிற்றுக்குச் சோறு, ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் அதிலிருந்து தடுப்பூசியை உருவிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண் துணிச்சல். 2016-இல் மலப்புரத்தில் என்ன நடந்தது? ஊசி போடாத பிள்ளைகள் அதிகம் இருந்த மாவட்டம் அது. பழங்கதை என்று டாக்டர்களே நினைத்திருந்த தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது.

உங்கள் அம்மா சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டைக் கையைச் சுருட்டி உங்கள் இடது புஜத்தைப் பாருங்கள். சின்னதாக, வட்டமாக, தோல் சுருங்கின தழும்பு இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அதுதான் பிசிஜி. 1985-லேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி என்று திட்டம் வந்துவிட்டது. நீங்கள் பிறந்த காலத்தில் நர்சம்மா வீடு தேடி வந்து போட்டுவிட்டுப் போயிருப்பார். அம்மாவுக்கு அது ஒரு நிகழ்ச்சியாகவே நினைவில் நிற்கவில்லை. மூன்று பேரும் நன்றாக இருந்துவிட்டதால் மறந்துவிட்டார், பொய் சொல்லவில்லை. உங்கள் மகன் கையில் இப்போது நிற்கும் சீழும் அதே தழும்பின் தொடக்கம்தான். போட்ட சில வாரங்களில் அப்படி வரும், தானே ஆறும். பிதுக்காதீர்கள், மருந்து வைக்காதீர்கள்.

இனி நண்பர். அவர் சொல்வது பூராவும் பொய் இல்லை, சிக்கலே அதுதான். செங்கல்பட்டு ஆய்வு நடந்தது உண்மை. 1968-இல் தொடங்கி, லட்சக்கணக்கான பேரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று கண்டார்கள். அதை யாரும் மறைக்கவில்லை. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கிற ஆய்வு அது. பிறகு ஏன் இன்னும் போடுகிறார்கள்? கைக்குழந்தைக்குக் காசநோய் மூளைச் சவ்வில் ஏறுவதை அது நன்றாகத் தடுக்கிறது. அந்த வேலைக்காகத்தான் பிறந்தவுடனேயே போடுவது. நண்பர் கதையின் முதல் பாதியை மட்டும் அனுப்பியிருக்கிறார்.

பாதரசமும் அப்படித்தான். பல பேருக்குப் போடும் பெரிய குப்பியில் கிருமி சேராமல் இருக்க தையோமெர்சால் என்று ஒன்று துளி அளவில் சேர்ப்பார்கள். அதில் இருப்பது எத்தில் பாதரசம், உடம்பில் தங்காமல் சீக்கிரம் வெளியேறிவிடும். மீனில் சேர்கிறதே, அது வேறு வகை. ஆட்டிசம் கதை லண்டனிலிருந்து வந்தது. 1998-இல் ஒரு டாக்டர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசி மேல் சந்தேகம் கிளப்பி, ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதில் நேர்மையில்லை என்று தெரிந்து 2010-இல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் உரிமமும் போனது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பார்த்து 2019-இல் எழுதினார்கள். அந்த ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. 12 பேர் கதை வாட்ஸப்பில் வரும், ஆறரை லட்சம் பேர் கதை வராது.

"ஒரு வயசு வரைக்கும் பொறு" என்பதுதான் அவர் சொன்னதில் ஆபத்தானது, ஏனென்றால் அது நிதானமான பேச்சு மாதிரி காதில் விழுகிறது. கக்குவானை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளை என்றால் வாரக்கணக்கில் இருமிப் பிழைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது. மூச்சே நின்றுபோகும், நீலம் பாரித்துவிடும். அது அதிகம் கொல்வது இந்தச் சின்ன மாதங்களில்தான். அதனால்தான் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று நெருக்கி வைத்திருக்கிறார்கள். பொறுத்திருக்கச் சொல்கிற ஒரு வருடத்தில்தான் ஊசிக்கே வேலை.

காய்ச்சலும் அந்தக் கக்குவான் பகுதியால்தான் பெரும்பாலும் வருகிறது. பென்டா என்று நர்சம்மா சொல்கிற ஐந்து நோய் ஊசியில், செத்த கக்குவான் கிருமியை முழுசாக வைத்திருக்கிறார்கள். (2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் இதைப் போடத் தொடங்கியது நாமும் கேரளமும்.) தனியார் ஆஸ்பத்திரியில் "வலியில்லாத ஊசி" என்று ஆயிரக்கணக்கில் வாங்குவது, கிருமியின் சில துண்டுகளை மட்டும் எடுத்துச் செய்தது. காய்ச்சல் குறைவு, ஆனால் பாதுகாப்பும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பணம் இருந்து அதைப் போட்டால் தப்பில்லை. சும்மா கிடைப்பது மட்டம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஒன்பதாம் மாதம் வரும் தட்டம்மை ரூபெல்லா பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நண்பர் அப்போதும் வருவார். ரூபெல்லா வந்தால் ஆண் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, இரண்டு மூன்று நாள் தடிப்பு. பிறகு எதற்கு? பக்கத்து வீட்டில் இரண்டு மாதக் கர்ப்பிணி இருந்தால், அவள் வயிற்றுப் பிள்ளைக்கு அது கண்புரையாகப் போய்ச் சேரலாம், காது போகலாம், இதயத்தில் ஓட்டை விழலாம். பிறக்கும்போதே கண்புரையோடு வருகிற குழந்தைகளைப் பற்றி நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் வெகுகாலமாக எழுதிவருகிறார்கள். ஆக, உங்கள் மகன் கையில் ஏறப்போகிற அந்த ஊசியில் பாதி, யாரென்றே தெரியாத ஒரு பிள்ளையின் கண்ணுக்காக.

ஊசியால் ஒன்றுமே ஆகாதா என்று கேட்டால், ஆகாது என்று சொல்லமாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. நான் சொல்லாவிட்டால் நண்பர் நாளைக்கு அனுப்புவார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "எல்லாம் விதிப்படி" என்று ஊசிக்குப் போகச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போங்கள் என்கிறேன். குப்பியை ஒருதரம் காட்டச் சொல்லுங்கள். மேலே ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூடுபட்டுக் கெடவில்லை என்று அர்த்தம். ஊசி புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். தட்டம்மை மருந்து பொடியாக இருக்கும். கரைத்த நான்கு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், எப்போது கரைத்தது என்று கேளுங்கள். நல்ல நர்சம்மா யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமை என்பது வெகு அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்துக்குள் வரும், அங்கே மருந்து இருக்கும்.

போன தடவை நடந்ததை, ஊசி போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு ராத்திரிக் காய்ச்சலும் அழுகையும் அடுத்த ஊசியைத் தடுக்காது. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதிருந்தால், வலிப்பு வந்திருந்தால், துவண்டு விழுந்திருந்தால், டாக்டரே பார்த்து முடிவு செய்யட்டும். காய்ச்சல் சொட்டு மருந்து எடைக்குத் தகுந்த அளவு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொடையைத் தேய்க்க வேண்டாம். ஒத்தடத்துக்கு ஈரத்துணி போதும். லேசான சளி என்பதற்காக நாளைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

அப்புறம், அம்மாவையும் கூட்டிப்போங்கள். உங்கள் மனைவியோடு பேச்சு குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவர் இரண்டு பேரிடம் தனியாக வாதாடிக் களைத்திருப்பார். ஊசி போடும்போது பிள்ளையை அப்பத்தா மடியில் கொடுங்கள். உதறுகிற காலைப் பிடிப்பதில் அவருக்கு உங்களைவிடக் கைப்பழக்கம் இருக்கும், மூன்று பேருக்குப் பிடித்தவர்.