ஒரே மூச்சில் படிக்க ஒரு மர்ம நாவல்

கேள்வி: கடைசிப் பக்கம் வரை கொலையாளியை ஊகிக்கவே முடியாத ஒரு நாவல் சொல்லுங்களேன். ரத்தக்களரி வேண்டாம்.

பதில்: அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ படியுங்கள். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர், இங்கிலாந்தின் டெவன் கரையோரத் தீவு ஒன்றுக்கு வந்து சேர்கிறார்கள், அழைத்த ஆளைக் காணோம், முதல் நாள் இரவே ஒரு கிராமபோன் தட்டு ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ‘நீ கொலை செய்தவன்’ என்கிறது. அப்புறம் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், அதுவும் அறைகளில் மாட்டியிருக்கும் ஒரு குழந்தைப் பாட்டின் வரிசைப்படியே! சாப்பாட்டு மேஜையில் இருக்கும் பத்துப் பொம்மைகளும் கூடவே குறைந்துகொண்டு வரும்.

எனக்கு இதில் பெரிய விஷயம் வேறு. அவர்களில் பலர் மனசுக்குள்ளும் ஆசிரியர் நம்மை அழைத்துப் போகிறார், கொலையாளியின் மனசு உட்பட, ஆனாலும் பிடிபடாது; முடிவு தெரிந்து இரண்டாம் முறை படித்தால் அதே வரிகள் வேறு அர்த்தம் தரும். அந்தத் துணிச்சல் வேறு எந்த மர்மக் கதையிலும் என்னை இவ்வளவு அசத்தியதில்லை. ரத்தம் அதிகமில்லை, பயம் மட்டும் நிறைய. படித்த நண்பர்களிடம் மட்டும் முன்கூட்டியே எதுவும் கேட்டுவிடாதீர்கள்.