நாழிகை வினா

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில், “தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது உங்களுக்கு எங்கே எரிச்சல் வருகிறது?” என்று போகிற போக்கில் கேட்டுவைத்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், ஊரே இதற்காகத்தான் காத்திருந்தது போலத் தெரிகிறது. முடிந்தவரை பதில் எழுதுகிறேன். நடத்துநர்களின் கோட்டு நிறம் பற்றி எழுதிய மூன்று பேர் என்னை மன்னிக்க வேண்டும்.

போட்டியாளர் விடையைச் சொல்லிவிடுகிறார். நடத்துநர் அவரை உற்றுப் பார்க்கிறார். இசை ஏறுகிறது. “உறுதியாகத்தானா?” என்கிறார். உடனே சோப்பு விளம்பரம் வந்துவிடுகிறது. நான் 31 ஆண்டுகள் வகுப்பில் கேள்வி கேட்டவள். பிள்ளையிடம் விடையை வாங்கிக்கொண்டு, சரியா தவறா என்று சொல்லாமல் ஒரு நாளும் வெளியே எழுந்து போனதில்லை. இது என்ன பழக்கம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்று இரவே ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றைக் கைக்கடிகாரமும் பழைய நாட்குறிப்பும் வைத்துக்கொண்டு பார்த்தேன். மொத்தக் கேள்விகள் ஒன்பது. அவற்றில் ஐந்து, பசுவுக்கு எத்தனை கால் என்ற ரகம். ஆறாவது கேள்வி, வைகை அணை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது. அது திரையில் தோன்றியதற்கும், தேனி என்ற கட்டம் பச்சையாக மாறியதற்கும் நடுவே ஏழு நிமிடம் நாற்பது நொடி. அந்த இடைவெளியில் நான் இரண்டு தோசை வார்த்து, ஒன்றைச் சாப்பிட்டும் முடித்திருந்தேன்.

தமிழில் இதற்கு ‘வினாடி வினா’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். பழைய கணக்கில் ஒரு விநாடி என்பது இன்றைய 24 நொடி. அறுபது விநாடி ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம். போகிற வேகத்தைப் பார்த்தால் நாழிகை வினா என்று பெயரை மாற்றிவிடலாம்.

முன்பு இப்படி இல்லை. 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு ‘குவிஸ் டைம்’ நடத்தினார். எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனால் கேள்வி விழுந்தால் விடை விழும், தவறினால் அடுத்த அணிக்குப் போகும். மூச்சு விட நேரம் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சனை நாற்காலியில் உட்காரவைத்து ‘கோன் பனேகா குரோர்பதி’யைத் தொடங்கியதும் அதே பாசுவின் நிறுவனம்தான். வடிவம் மட்டும் அவருடையதல்ல. 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐடிவியில் பிறந்த ‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ அது. பதினைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, கடிகாரம் கிடையாது. விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் போட்டியாளர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து யோசிக்கலாம். கடிகாரம் பல நாடுகளில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த யோசனை நேரம்தான் அங்கே சரக்கு. கேள்வி வெறும் பொட்டலத் தாள். விடை தெரிந்த மறுகணம் உங்கள் கை ரிமோட்டைத் தேடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது தெரியாதவரை சோப்பு, பற்பசை, தங்க நகை என்று எதைக் காட்டினாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டீர்கள். வகுப்பில் உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. உங்கள் பிள்ளைகளிடம் ரிமோட் இல்லை.

இந்த விளம்பர நேரத்துக்கு அளவே கிடையாதா?
– வாசகர், ஈரோடு

உண்டு. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம். அதில் வணிக விளம்பரம் 10, சேனல் தன்னைப் பற்றியே பீற்றிக்கொள்வதற்கு 2. இதைக் கறாராக நடைமுறைப்படுத்த முனைந்தபோது ஒளிபரப்பாளர்கள் 2013-ல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். என் நாட்குறிப்பில் அன்று 16 நிமிடம் என்று இருக்கிறது. என் கடிகாரம் சற்று வேகமாக ஓடும் பழக்கமுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘நண்பருக்குத் தொலைபேசி’ என்று 30 நொடி கொடுக்கிறார்கள். அதில் 20 நொடி, “வணக்கம் சார், உங்கள் படமெல்லாம் பார்ப்போம் சார்” என்பதிலேயே போய்விடுகிறது. கடைசியில் “தெரியவில்லை” என்கிறார் நண்பர். இப்படிப்பட்ட நண்பர்களை எங்கே பிடிக்கிறார்கள்?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

நம் எல்லோருக்கும் வாய்த்த நண்பர்கள்தான் அவர்களுக்கும் வாய்த்திருக்கிறார்கள். ஆயிரம் பொன் பொற்கிழிக்கு ஆசைப்பட்ட தருமிக்குச் சாட்சாத் சொக்கநாதரே விடை எழுதிக் கொடுத்தும் நக்கீரர் குற்றம் கண்டுபிடித்தார். நீங்கள் நடத்துநரைக் குறை சொல்கிறீர்கள். நம்மூரில் நடுவர்கள் அதற்கும் மேலே.

‘மில்லியனர்’ போட்டியின் அமெரிக்கப் பதிப்பைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, தொலைபேசியில் வந்த நண்பர் சரியாகச் சொன்னது சுமார் 65 சதவீதம். அரங்கில் சும்மா உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் வாக்களித்துச் சரியாகச் சொன்னது 91 சதவீதம். ஆகவே உங்கள் மைத்துனர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் கூட்டத்தையே கேளுங்கள்.

எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம் என்கிறான் என் மகன். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

ஒரு காலத்தில், ஓர் ஊரில், முழுக்க முழுக்க உண்மை. 1956-ல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ‘ட்வென்டி ஒன்’ என்ற போட்டி சக்கைப்போடு போட்டது. ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் வாரக்கணக்கில் வென்றுகொண்டிருந்தார். மக்களுக்கு அவர் முகம் சலித்துவிட்டது என்று கருதிய தயாரிப்பாளர், அவரைத் தோற்கச் சொன்னார். 1955-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய படம் எது என்பது கேள்வி. விடை ‘மார்ட்டி’. ஸ்டெம்பலுக்கு மிகவும் பிடித்த படமே அதுதான். பிடித்த படத்தின் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ என்று தவறாகச் சொல்லித் தோற்றார் மனிதர். அவருடைய இடத்துக்கு வந்தவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் சார்லஸ் வான் டோரன். தமக்கு விடைகள் முன்பே தரப்பட்டன என்று 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு, இப்படிப் போட்டியை ஏமாற்றி நடத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது.

எனக்கு அந்தக் கதையில் மறக்காமல் நிற்பது வேறொன்று. போட்டியாளர்கள் நின்ற கண்ணாடிக் கூண்டில் வேண்டுமென்றே குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்களாம், வியர்க்க வேண்டும் என்பதற்காக. நெற்றி வியர்வையைத் துடைக்காதே, கைக்குட்டையால் ஒற்றியெடு என்றுகூட ஸ்டெம்பலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நிகழ்ச்சியே ஏமாந்த கதையும் உண்டு. 2001-ல் பிரிட்டனின் ‘மில்லியனர்’ போட்டியில் ஒரு ராணுவ மேஜர், சரியான விடையை வாசிக்கும்போதெல்லாம் அரங்கிலிருந்து யாரோ இருமியதை வைத்துப் பத்து லட்சம் பவுண்டு வரை போய், 2003-ல் நீதிமன்றத்தில் குற்றவாளியானார்.

இன்று நம்மூரில் விடையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு என்னிடம் சான்று இல்லை. வியர்வையைத் தயாரிக்கும் கலை மட்டும் அப்படியே இருக்கிறது.

போட்டியாளர் உட்கார்ந்ததுமே அவருடைய ஓட்டு வீடு, கடன், அம்மாவின் கண்ணீர் என்று ஒரு படம் ஓடுகிறது. ஏழ்மையைக் காட்டித்தான் பொது அறிவை வளர்க்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

எனக்கும் பிடிக்கவில்லை. குறிப்பாக அந்த வயலின். தெரியாத கேள்விக்கு அவர் திணறும்போது, அந்த ஓட்டு வீடும் சேர்ந்து திணறுவதாக நமக்குத் தோன்ற வேண்டும் என்பது திட்டம்.

ஆனாலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த ‘மில்லியனர்’ வடிவம் தமிழுக்கு முதலில் சன் டிவியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’ ஆக வந்தது. 2012-ல் விஜய் டிவியில் சூர்யா, பிறகு பிரகாஷ்ராஜ், பிறகு அரவிந்த்சாமி. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமான ‘கோடீஸ்வரி’. நடத்தியவர் ராதிகா. (கணவரும் மனைவியும் ஏறக்குறைய இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே மாதிரி நாற்காலியில்!) அதில் 2020 ஜனவரியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு மதுரைப் பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார். அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு வயலின் தேவைப்படவும் இல்லை.

உள்ளூர் சேனல் ஒன்றில் ஒரு நடிகரின் முகத்தைப் பாதி மறைத்துக் காட்டி, “யார் இவர்?” என்கிறார்கள். என் நான்கு வயதுப் பேரனுக்குத் தெரிகிறது. தொலைபேசியில் வருகிறவர்கள் எல்லோரும் தவறாகவே சொல்கிறார்கள்! என் கணவர் பொறுக்க முடியாமல் அழைத்தார். “காத்திருங்கள், நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்” என்று குரல் வந்தது. மாதக் கடைசியில் தொலைபேசிக் கட்டணத்தில் 640 ரூபாய் கூடுதல்.
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

உங்கள் கணவர் அந்த 640 ரூபாய்க்கு ஓர் இருக்கை வாங்கியிருக்கிறார், வரிசையில். அழைப்பு போய்ச் சேர்ந்த நொடியிலிருந்து கட்டணம் ஓடத் தொடங்கும். பதில் சொல்ல விடுவதற்கு அவர்களுக்கு என்ன அவசரம்? கேள்வி எளிதாக இருப்பதும் அதனால்தான். கடினமாக இருந்தால் நீங்கள் அழைக்கவே மாட்டீர்கள்.

பெரிய நிகழ்ச்சிகளிலும் இந்தக் கணக்கு பேசப்பட்டிருக்கிறது. 2007-ல் ‘கோன் பனேகா குரோர்பதி’யின் மூன்றாம் பருவத்தில், வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு கேள்வி கேட்டார்கள். எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 2 ரூபாய் 40 காசு. விவகாரம் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனபோது வெளிவந்த கணக்கு இது: வந்த செய்திகள் சுமார் 5.8 கோடி, கொடுத்த பரிசு 1.04 கோடி ரூபாய். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 14 கோடி வருகிறது. 2008-ல் ஆணையம் சேனலுக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் எதிராகத் தீர்ப்பளித்து, ஒரு கோடி ரூபாய் தண்டத் தொகையும் விதித்தது. ஆனால் எஸ்எம்எஸ் வருமானத்திலிருந்துதான் பரிசு கொடுத்தார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பின்னர் அதை ரத்துசெய்துவிட்டது. சட்டப்படி விஷயம் அங்கே முடிந்தது. பெருக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கணவரைத் திட்டாதீர்கள். பேரனுக்குத் தெரிந்த விடை தமக்கும் தெரியும் என்று சொல்ல அவருக்கு ஆசை இருந்திருக்கிறது.

பத்து லட்சம் வென்றால் கையில் எவ்வளவு வரும்?
– வாசகர், கரூர்

கரூர்க்காரர் சரியான கேள்வியைக் கேட்டீர்கள். இத்தகைய பரிசுக்கு 30 சதவீத வரி, அந்த வரியின்மேல் 4 சதவீதம் ‘செஸ்’ என்ற கூடுதல் வரி. ஆக 3,12,000 ரூபாய் போகும். வேறு வருமானமே இல்லாதவருக்கும் இதே கணக்குதான். அடிப்படை விலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. நிகழ்ச்சியில் காட்டும் அட்டைக் காசோலையில் இந்தக் கழித்தலை யாரும் எழுதுவதில்லை.

அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி எல்லாவற்றுக்கும் கைதட்டுகிறார்கள்?
– வாசகி, வேலூர்

அந்தக் கைதட்டலில் என்னுடையதும் கொஞ்சம் கலந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர், சென்னைக்கு வெளியே ஒரு படப்பிடிப்புத் தளத்துக்கு அழைத்துப் போனார். எந்த நிகழ்ச்சி என்பது வேண்டாம். வெள்ளைச் சட்டை கூடாது, கட்டம் போட்ட சட்டை கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு உள்ளே போனோம். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே ஊட்டிக் குளிர். முதல் ஒரு மணி நேரம் போட்டியாளரும் இல்லை, நடத்துநரும் இல்லை. தலையில் ஒலிவாங்கி மாட்டிய ஓர் இளைஞர் எங்களைக் கைதட்டவைத்துப் பதிவுசெய்தார். சாதாரணக் கைதட்டல், எழுந்து நின்று கைதட்டல், திகைத்துப்போய் வாயில் கைவைத்தல், “ஐயோ” என்று முகம் சுருங்குதல், எல்லாம் தனித்தனியாக. எனக்கு முன் வரிசையில் இருந்த பாட்டிக்கு “ஐயோ” சரியாக வரவில்லை. மூன்று முறை எடுத்தார்கள். நான்காவது முறை அவருக்கு உண்மையாகவே பசித்தது, பிரமாதமாக வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒளிபரப்பானபோது, யாரோ ஒருவர் மூன்று லட்சத்தைக் கோட்டைவிட்ட இடத்தில் அந்தப் பாட்டியின் பசி போய் உட்கார்ந்திருந்தது.

இவ்வளவு குறை சொல்கிற நீங்கள் ஏன் இன்னும் பார்க்கிறீர்கள்?
– வாசகர், புதுக்கோட்டை

அம்மாவுக்காக. அவருக்கு 82 வயது, படிப்பு எட்டாம் வகுப்பு வரை. நான் திண்ணையில் உட்கார்ந்து ரசித்த அந்த ஆங்கில வேகம் அவருக்கு ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை. இங்கே நான்கு விடை எழுதிப் போடுகிறார்கள், தமிழில். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி, போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, “இரண்டாவதுதான்” என்று தீர்ப்புச் சொல்ல ஏழு நிமிடம் நாற்பது நொடி கச்சிதமாகப் போதுகிறது. விளம்பரம் வந்தால் போய்ப் பாலுக்கு உறை ஊற்றிவிட்டு வருகிறார். நான் எரிச்சலோடு ரிமோட்டைத் தேடினால், “இருடா, அந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்ப்போம்” என்கிறார்.

அன்று வைகை அணைக்கு அவர் மதுரை மாவட்டம் என்றார். அவர் பள்ளியில் படித்த காலத்தில் அது மதுரை மாவட்டம்தான், தேனி 1996-ல் பிரிந்தது. திரையில் தேனி பச்சையானதும், கேள்வியே தவறு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.