பழைய அனல்மின் நிலையத்தில் புது அலகு: நாங்கள் சொல்லும் ஆட்சேபணை செல்லுமா?

கேள்வி: வக்கீல் சார், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் நிலக்கரி அனல்மின் நிலையம் இருக்கிறது. மாடியில் காயப்போட்ட துணியைச் சாம்பல் போக உதறித்தான் எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரும் கெட்டுவிட்டது. இப்போது அங்கேயே 660 மெகாவாட்டில் இன்னொரு அலகு வரப்போகிறதாம். அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. "2009-லேயே அனுமதி வாங்கியாச்சு, கூட்டம் வெறும் கண்துடைப்பு, கேஸ் போட்டாலும் நிற்காது" என்கிறார் என் அண்ணன். எங்கள் நிலத்தை யாரும் எடுக்கவில்லை. எங்களுக்குப் பேச உரிமை உண்டா? நஷ்டஈடு கேட்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் அண்ணன் சொன்ன 2009 விஷயம். சுற்றுச்சூழல் அனுமதிக்கு ஆயுள் உண்டு. 2022-ல் வந்த திருத்தத்தின்படி அனல்மின் திட்டத்துக்கு 10 ஆண்டு, போனால் இன்னும் ஓராண்டு நீட்டிப்பு. அதற்கு முந்தைய விதிகளில் இதைவிடக் குறைவு. எண்ணூரையே பாருங்கள். 1970-களில் ஓடத் தொடங்கிய பழைய நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அங்கே 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு 2009-ல் வாங்கிய அனுமதி, வேலை முடிவதற்குள் காலாவதியாகிவிட்டது. அதனால்தான் 2024 டிசம்பரில் மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். உங்கள் ஊரில் இப்போது கூட்டம் போடுவதே பழைய அனுமதியை வைத்துக்கொண்டு கட்ட முடியாது என்பதற்கு அடையாளம்.

பேசும் உரிமைக்கு நிலம் பறிபோயிருக்க வேண்டும் என்று, இந்த அனுமதிக்கான விதிகளைச் சொல்லும் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் எங்கும் இல்லை. அனல்மின் நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை ஆய்வு செய்ய வேண்டும். நீங்கள் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறீர்கள். தாராளமாகப் பேசலாம், எழுத்திலும் கொடுக்கலாம்.

கண்துடைப்பா என்றால், பாதி உண்மை. கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது, ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் திட்டம் அதோடு நின்றுவிடாது. வேலை கிடைக்கும் என்று ஆதரித்துப் பேசவும் ஆள் வருவார்கள், அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் அங்கே பதிவாவதுதான் பிறகு உங்கள் வழக்குக்கு அஸ்திவாரம். மக்கள் சொன்ன ஆட்சேபணைகளை அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழு பரிசீலித்து, ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும் என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம், கோவா சுரங்க வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. பதிவாகாத ஆட்சேபணைக்கு யாரும் காரணம் எழுதப்போவதில்லை.

அதனால் கூட்டத்துக்கு முன்பே வேலையை ஆரம்பியுங்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பைச் சொல்லும் வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும், விளம்பரத் தேதியைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். சுருக்கத்தோடு நிற்காமல் முழு அறிக்கையில் சாம்பல் குட்டை, நிலத்தடி நீர், காற்று பற்றிய பகுதிகளைப் புரட்டுங்கள். உங்கள் ஊர்க் கிணற்றில் மாதிரி எடுத்தார்களா, எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்று பாருங்கள். எடுக்கவே இல்லையென்றால் அதுதான் உங்கள் மனுவின் முதல் பத்தி.

விரிவாக்கம் என்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் பிடி உண்டு. இப்போது ஓடும் அலகுகள் பழைய நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கின்றனவா என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ சான்றளித்த அறிக்கை இல்லாமல் விரிவாக்கத்தைப் பரிசீலிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிறுவனமே ஓர் அறிக்கை கொடுக்கவும் வேண்டும். இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'சாம்பல் பறப்பதில்லை' என்று அதில் எழுதியிருந்து, உங்கள் மாடிப் படம் தேதியோடு கையில் இருந்தால், விசாரணையின் போக்கே வேறு.

பக்கத்தில் வேறு ஆலைகள் இருந்தால் அதையும் எழுதுங்கள். கடலூர் மாவட்டத்தில் 3600 மெகாவாட் நிலையத்துக்குத் தந்த அனுமதியை எதிர்த்து ஊர்க்காரர்கள் போன வழக்கில், 2012-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி நீதிமன்றம்) சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்து அனுமதியை மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரமானால் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.

அனுமதி வந்துவிட்டால் அப்புறம் நாள் கணக்குதான். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-வது பிரிவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாள். தொண்ணூறு தாண்டினால் தீர்ப்பாயம் நினைத்தாலும் மன்னிக்க முடியாது. "எனக்குப் பிறகுதான் தெரியும்" என்பதும் எடுபடாது: அனுமதி பற்றிப் பொதுமக்களுக்கு முதலில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கு என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் குஜராத் கிராமப் பஞ்சாயத்து ஒன்றின் வழக்கில் சொல்லிவிட்டது. அனுமதி விவரங்கள் வெளியாகும் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒரு முறை பார்க்க வீட்டில் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். நஷ்டஈடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1000 ரூபாய்.

வழக்குப் போட்டால் திட்டம் ரத்தாகிவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். பெரும்பாலும் கிடைப்பது கூடுதல் நிபந்தனையும் மறு ஆய்வும்தான். சாம்பல் கையாளுவதில் கடுமையான நிபந்தனை வந்தாலே உங்கள் தெருவுக்குப் பெரிய லாபம்.

நஷ்டஈடு தனி வழக்கு. அதற்குப் புது அலகு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கெட்டுப்போன கிணற்றுக்கும் உடல்நலக் கேட்டுக்கும் அதே பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-வது பிரிவில் இப்போதே போகலாம். பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம், மேலே 60 நாள். கிணறு எந்த வருடம் கெட்டது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் இங்கே முக்கியம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுத்திருந்தால் அதன் ரசீது, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.