600 பேர் சர்வே வேண்டாம், 14 பேரைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து ஆறு கடைகளுக்குப் போடுகிறேன். கம்பு, தினை, வரகு தோசை மாவுக்குத் தனி யூனிட் தொடங்க ஆசை. மெஷின், குளிர் அறை எல்லாம் சேர்த்து 18 லட்சம் ஆகும். மார்க்கெட் இருக்கிறதா என்று 600 பேரிடம் சர்வே எடுத்துத் தர ஒரு கன்சல்டன்சி 1,80,000 ரூபாய் கேட்கிறது. பாதி முன்பணம். கொடுக்கலாமா? இரண்டு லேடீஸ் ஹாஸ்டல்களிலும் மாவு கேட்டிருக்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள்.

சர்வே என்பது எண்ணும் வேலை. எதை எண்ணுவது என்று தெரிந்த பிறகுதான் அதற்குப் பயன். சிறுதானிய மாவு போகவில்லை என்றால் எதனால் போகாது? விலையா, சீக்கிரம் புளித்துவிடுவதா, பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவதா, கடைக்காரர் ஃப்ரிட்ஜில் இடம் தராததா? உங்களுக்கு இன்னும் தெரியாது. கன்சல்டன்சிக்காரருக்கும் தெரியாது, ஆனால் கேள்வித்தாளை அவர் தயாராக வைத்திருப்பார். போன மாதம் வேறு யாருக்கோ செய்த தாளில் 'ஊறுகாய்' என்று இருந்த இடத்தில் 'மாவு' என்று மாற்றியிருப்பார். காரணத்தைத் தேடும் இந்த முதல் கட்டத்தைச் சந்தை ஆய்வுத் துறையில் இருக்கும் நாங்கள் தேடல் ஆய்வு என்போம். பெயர் முக்கியமில்லை. இதை நீங்களே செய்யலாம், செலவு சில ஆயிரங்களைத் தாண்டாது.

'600 பேர் என்றால் நம்பகமாக இருக்குமே' என்று தோன்றும். எங்கள் துறையில் அடித்துத் துவைத்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கோகோ கோலா 1985-ல் தன் பானத்தின் சுவையை மாற்றும் முன் ஏறத்தாழ 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தது. புதுச் சுவைதான் ஜெயித்தது. ஏப்ரல் 23-ல் வெளியிட்டார்கள். ஜூலை 11-ல் பழையதையே திரும்பக் கொண்டுவருகிறோம் என்று அறிவித்தார்கள். சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பேசியபோது 'பழசை எடுத்தால் சும்மா இருக்க மாட்டோம்' என்று சிலர் கோபப்பட்டிருந்தார்கள். அந்தப் பெரிய எண்ணிக்கைக்கு முன்னால் அது எடுபடவில்லை.

சரி, என்ன செய்வது? முதலில் ஒரு தாளில் ஒரே வரி எழுதுங்கள்: 'எது தெரியவந்தால் இந்த 18 லட்சத்தைப் போட மாட்டேன்?' அந்த வரி எழுத வராவிட்டால் எந்த ஆய்வும் வீண், ஏனென்றால் என்ன வந்தாலும் நீங்கள் போடத்தான் போகிறீர்கள்.

அப்புறம் 14 பேர். நான்கு கடைக்காரர்கள். வாரம் மூன்று முறை பாக்கெட் மாவு வாங்கும் நான்கு வீடுகள். இன்னும் கிரைண்டரில் அரைக்கும் இரண்டு வீடுகள். மீதி நான்கு பேர்தான் தங்கம்: சிறுதானிய மாவை ஒருமுறை வாங்கிவிட்டு மறுபடி வாங்காதவர்கள். இவர்களை எந்த சர்வேயும் தேடிப் போகாது. கடைக்காரரிடம் கேட்டால் அடையாளம் காட்டுவார். சொந்தக்காரர்களையும் உங்கள் மாவை இப்போது வாங்குபவர்களையும் சேர்க்காதீர்கள், முகத்துக்காக நல்லதையே சொல்வார்கள்.

'வாங்குவீர்களா?' என்று யாரிடமும் கேட்காதீர்கள். நம் ஊரில் வாசலில் வந்து நிற்பவரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. 'சிறுதானியம் உடம்புக்கு நல்லதுதானே?' என்றும் வேண்டாம். ஐ.நா. சபையே 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அதை இல்லை என்பவர் யார்? நடந்ததைக் கேளுங்கள். 'கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? அன்றைக்கு யார் சாப்பிட்டார்கள்? மீதி மாவு என்ன ஆனது?' அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் 600 தாள்களில் வராது.

இரண்டு நாள் மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரு கடையின் ஃப்ரிட்ஜ் பக்கம் நில்லுங்கள். எந்தப் பாக்கெட்டை எடுக்கிறார்கள், எதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைக்கிறார்கள், உப்பிய பை எத்தனை, ரிட்டர்ன் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கிரைண்டரிலேயே அரைத்து 20 பாக்கெட் போட்டுப் பாருங்கள், காசுக்கு. சும்மா கொடுத்தால் எல்லாமே ருசிதான். அடுத்த வாரம் யார் திரும்பி வந்து கேட்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு உண்டு. கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஹாஸ்டல், அதுதான். அங்கே 14 பேர் கணக்கு செல்லாது. வாங்குபவரே ஊருக்குப் பத்து இருபது பேர்தான் என்னும்போது எல்லோரையும் பார்த்துவிட வேண்டும். சாப்பிடும் பெண்களிடம் ருசி கேட்டுப் பலனில்லை, அவர்கள் வாங்குவதில்லை. வார்டனும் இல்லை. பல இடங்களில் மெஸ் கான்ட்ராக்டர்தான் முடிவெடுப்பவர். அவருக்கு ருசியைவிடத் தலைக்கு எத்தனை ரூபாய் என்பதுதான் முக்கியம், அந்தக் கணக்கில் அரிசி மாவோடு கம்பு மோத வேண்டும். அவரிடம் மாவைப் பற்றிப் பேசும் முன் பணம் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ளவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறது. இப்போது அவருக்கு மாவோ மளிகையோ போடுபவரைத் தனியே பார்த்து 'பணம் ஒழுங்காக வருகிறதா?' என்று விசாரியுங்கள். ஹாஸ்டலை நம்பித்தான் யூனிட் என்றால் உங்கள் ஆய்வே அந்த ஒரு கேள்விதான்.

'வங்கி ரிப்போர்ட் கேட்குமே?' கேட்கும். சந்தை வாய்ப்பு என்று ஒரு அத்தியாயம் வேண்டும் என்பார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். நான் ஒருவருக்காக நேர்மையாக எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். கிளை மேலாளர் புரட்டிக்கூடப் பார்க்காமல், 'ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கலர் சார்ட்டோடு கொண்டு வாருங்கள்' என்றார். இந்த அபத்தத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து ஒரு சதவீதத்தால் பெருக்கி 'உங்கள் சந்தை' என்று எழுதுவார்கள். அதற்கப்புறம் திருப்பூருக்கு எத்தனை வடமாநிலக் குடும்பங்கள் வந்துவிட்டன, அவர்கள் வீட்டில் காலையில் தோசையா சப்பாத்தியா என்பதெல்லாம் அந்தப் புரோக்கர்களுக்குக் கவலையில்லை. வீட்டுச் செலவு விவரம் வேண்டுமானால் மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2023-24 நுகர்வுச் செலவு ஆய்வு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. நகரத்தில் ஆளுக்கு மாதம் சராசரியாக 6,996 ரூபாய், கிராமத்தில் 4,122. இதையே வண்ணம் தீட்டி உங்களுக்கு விற்பார்கள்.

14 பேரைப் பார்த்த பிறகு, ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதை எண்ணிப் பார்க்க சர்வே எடுக்கலாம். அதற்கும் 600 பேர் தேவைப்படுமா என்பது சந்தேகம்தான்.

முன்பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், களத்தில் இறங்கும் முன் கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் 'கடைசியாக எப்போது வாங்கினீர்கள்?' என்ற கேள்வி இல்லாவிட்டால் அங்கேயே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மீதிப் பாதியாவது மிஞ்சும்.