'ஹாக்' என்பது எந்த ஒயின்?

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்த்துவரும் வாசகர் ஒருவர், விருந்துக் காட்சியில் வரும் 'ஹாக்' என்ற சொல்லுக்கு அகராதியில் 'விலங்கின் பின்னங்கால் மூட்டு', 'அடகு' என்ற பொருள்களே கண்ணில் படுவதாகவும், கோப்பையில் ஊற்றப்படும் ஹாக்கைத் தமிழில் எப்படி எழுதுவது என்றும் கேட்டிருக்கிறார்.

அந்தப் பொருள்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுத்து மட்டுமே ஒன்று. ஜெர்மனியில் மைன் ஆறு ரைனில் கலக்கும் இடத்திற்குச் சற்று முன்னால், மைன் கரையில் ஹோக்ஹைம் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூர் ஒயினை ஜெர்மானியர் 'ஹோக்ஹைமர்' என்பார்கள். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வாயில் அது 'ஹாக்கமோர்' என்று திரிந்து, பின்னர் 'ஹாக்' என்று குறுகியது. குறுகிய சொல்லின் பொருளோ விரிந்தது: ரைன் பள்ளத்தாக்கின் வெள்ளை ஒயின்கள் அனைத்துக்கும் ஆங்கிலேயர் அதையே வழங்கலாயினர். ஜெர்மன் மொழியில் இவ்வழக்கு இல்லை. அங்கே அது 'ரைன்வைன்'.

ஆகவே 'ஹோக்ஹைம் ஒயின்' என்று எழுதினால் பொருள் சுருங்கிவிடும். 'ரைன் வெள்ளை ஒயின்' என்பதே சரி. உரையாடலில் பாத்திரம் அச்சொல்லை உச்சரிக்கும் இடத்தில் மட்டும், முதல்முறை ஒரு சிறு விளக்கத்துடன் 'ஹாக்' என்றே வைத்துக்கொள்ளலாம். அக்காலப் பேச்சின் சுவையை இழக்க எனக்கு மனம் வராது. அதே பக்கத்தில் 'மோசெல்' என்றும் வந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அது ரைனின் துணையாறான மோசல் பள்ளத்தாக்கின் ஒயின். மரபாகப் பச்சைப் புட்டியில் வரும், ரைன் ஒயின் பழுப்புப் புட்டியில் வரும்.

காட்சியின் காலத்தையும் கவனிக்க வேண்டும். 1845இல் விக்டோரியா அரசி ஹோக்ஹைமுக்கு வந்துசென்றார். அங்குள்ள திராட்சைத் தோட்டம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நாளில் சிறந்த ரைன் ஒயின்கள் இங்கிலாந்தில் பிரான்சின் போர்தோ பகுதியின் உயர்ந்த ஒயின்களுக்கு நிகரான விலை பெற்றன. புளிப்பு மிகுந்த ரீஸ்லிங் திராட்சையின் நல்ல ஒயின் பல பத்தாண்டுகள் கெடாமல் முதிரும் என்பதால், 'பழைய ஹாக்' பரிமாறும் வீட்டுக்காரர் தம் செல்வத்தை விருந்தினருக்குக் காட்டுகிறார் என்று கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ, பிரிட்டிஷ் கடைகளில் விற்ற மலிவான இனிப்பு ஒயின்களின் மீதும் இதே பெயர் ஒட்டப்பட்டது. உங்கள் நாவல் முந்திய காலத்தது என்பதால், தொனியில் மலிவு தட்டாமல் மொழிபெயர்க்க வேண்டும்.