அந்த ஆர்கன் இசை யாருடையது? 'எ வொயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' – கேள்வி பதில்

1967-இல் வந்த 'எ வொயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். புரோகோல் ஹாரம் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் முதல் பாட்டு அது. வந்த கேள்விகளில் பெரும்பகுதி, அதன் ஆர்கன் இசைக்கு யார் ஆசிரியர் என்று நடந்த வழக்கைப் பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, இதை எழுதியது யார்? ஒரு இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறது, இன்னொரு இடத்தில் மூன்று பெயர் இருக்கிறது.

பழைய இசைத்தட்டுகளில் கேரி புரூக்கர், கீத் ரீட் என்ற இரண்டு பெயர்கள்தான் இருக்கும். மூன்றாவது பெயர் மேத்யூ ஃபிஷர். அது சேர்வதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். ரீட் எந்த வாத்தியமும் வாசிக்காதவர், பாட்டு வரிகளை மட்டும் எழுதுவார். வரிகளை எழுதி புரூக்கரிடம் கொடுத்தார். புரூக்கர் அதற்கு முன்பு பாரமவுண்ட்ஸ் என்ற குழுவில் பியானோ வாசித்துப் பாடியவர். அவர் பாடும் மெட்டையும் அதற்கு அடியில் வரும் கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையையும் அமைத்தார். அதன் பிறகுதான் ஃபிஷர் குழுவில் சேர்ந்தார். முறையாக இசை படித்தவர், சொந்தமாக ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கன் வைத்திருந்தவர். பாட்டின் தொடக்கத்திலும் சரணங்களுக்கு நடுவிலும் வருகிற ஆர்கன் மெட்டு அவர் அமைத்தது. பாட்டின் பெயரைச் சொன்னதும் நம் வாயில் முதலில் வருவது பாடகரின் மெட்டா, ஆர்கன் மெட்டா என்று யோசித்துப் பாருங்கள். வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

கேள்வி: அது பாக் எழுதிய இசையின் காப்பிதானே? அப்படியிருக்க இவர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள்?

காப்பி இல்லை. நிறையப் பேர் அப்படி நம்புவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா சூட்டில் (பல வாத்தியங்களுக்கான இசைத் தொகுப்பு) 'ஏர்' என்று ஒரு பகுதி உண்டு. 'ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்' என்ற பெயரில் கேட்டிருப்பீர்கள். அதில் பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கனத்த ஸ்வரம், ஒவ்வொரு படியாக இறங்கும். மேலே ஒரே ஸ்வரம் நீளமாக நிற்கும். அந்த ஸ்வரம் ஸ்கேலின் (ஸ்வர வரிசையின்) மூன்றாவது ஸ்வரம். இந்தப் பாட்டும் அப்படியேதான் தொடங்குகிறது: பேஸ் இறங்க, ஸ்கேலின் மூன்றாவது ஸ்வரத்தை ஆர்கன் இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே முதல் சில நொடிகளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அதற்கு மேல் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஃபிஷரின் மெட்டு தன் வழியில் போய்விடும். இறங்கும் பேஸ் எந்த ஒருவருக்கும் சொந்தமில்லை, பல நூற்றாண்டுகளாகப் புழங்கிவரும் பொதுச்சொத்து. அதன் மேல் என்ன கட்டுகிறீர்கள் என்பதுதான் உங்களுடையது.

கேள்வி: வரிகளுக்கு என்ன அர்த்தம்? எத்தனை தடவை படித்தாலும் பிடிபடவில்லை.

நடனம், குடி, கடல், பயணம் என்று காட்சிகள் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. நடுவில் ஓர் ஆணும் பெண்ணும், அவள் விலகிப் போகிறாள். ரீட் பின்னாளில் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: நேராகக் கதை சொல்வதைவிட ஒரு மனநிலையை உண்டாக்கவே அவர் முயன்றார். தலைப்பு, ஒரு விருந்தில் காதில் விழுந்த பேச்சிலிருந்து அவர் எடுத்தது. வரிகளில் ஒரு மில்லர் (மாவு அரைப்பவர்) கதை சொல்வதாகக் குறிப்பு வருவதால், அது பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதை என்று பலரும் கட்டுரை எழுதினார்கள். ரீட் அதை ஏற்கவில்லை.

இன்னொன்று. அவர் எழுதியது நான்கு சரணங்கள், ரெக்கார்டில் இருப்பவை இரண்டுதான். மற்றவற்றைச் சில மேடைகளில் பாடியிருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டே போதும். விட்டுப்போன இடங்களை ஆர்கன் நிரப்பிவிடுகிறது.

கேள்வி: ரெக்கார்டில் டிரம்ஸ் வாசித்தவர் குழுவிலேயே இல்லாதவர் என்கிறார்களே, உண்மையா சார்?

சார் வேண்டாம், அக்கா போதும். ஆமாம், உண்மை. 1967 ஏப்ரலில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள், தயாரிப்பாளர் டென்னி கார்டெல். டிரம்ஸ் வாசித்தவர் பில் ஐடன் என்ற ஜாஸ் கலைஞர். அன்றைய பதிவுக்காகக் கூப்பிடப்பட்டவர். கிடாரில் ரே ராயர், பேஸில் டேவ் நைட்ஸ். பாட்டு வெற்றி பெற்ற சில வாரங்களிலேயே ராயரும் குழுவின் அப்போதைய டிரம்மர் பாபி ஹாரிசனும் விலக, ராபின் டிரோவரும் பி.ஜே. வில்சனும் வந்தார்கள். உலகம் முழுக்க ஒலித்த அந்த ரெக்கார்டை உருவாக்கிய அதே கூட்டணி மேடை ஏறி வளர வாய்ப்பே இல்லாமல் போனது.

ஐடனின் டிரம்ஸைத் தனியாகக் கவனியுங்கள். இவ்வளவு மெதுவான பாட்டில் சிம்பலை எவ்வளவு தளர்வாக வைத்திருக்கிறார்! வேறொருவர் வாசித்திருந்தால் இது சவ ஊர்வலம் மாதிரி ஆகியிருக்கும்.

கேள்வி: அப்போது எவ்வளவு ஓடியது?

1967 மே 12 வெளியீடு. ஜூன் 8-ஆம் தேதி பிரிட்டனில் முதலிடம், அங்கேயே ஆறு வாரம். அமெரிக்காவில் ஐந்தாம் இடம். பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பம் வந்த அதே கோடைக்காலம் என்பதை நினைவில் வையுங்கள். விற்பனை ஒரு கோடிப் பிரதிகளைத் தொட்டதாகச் சொல்வார்கள்.

கேள்வி: ஃபிஷர் 38 வருடம் சும்மா இருந்துவிட்டு 2005-இல் வழக்குப் போட்டார். இவ்வளவு தாமதமாக வந்தவருக்கு எப்படி நியாயம் கிடைத்தது? நான் ஒரு சட்ட மாணவன்.

உங்கள் கேள்விதான் இந்த வழக்கின் உயிர்நாடி, தம்பி. படிப்படியாகச் சொல்கிறேன்.

ஃபிஷர் 1969-இல் குழுவை விட்டு விலகினார். பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமராக வேலை பார்த்தார். 2005-இல் புரூக்கர் மீதும் பதிப்பு நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். ஃபிஷர் வருவதற்கு முன்பே பாட்டை எழுதி முடித்தாயிற்று என்பது புரூக்கர் தரப்பு வாதம். 2006 டிசம்பரில் நீதிபதி பிளாக்பர்ன், ஆர்கன் பகுதி தனித்துவமானது, அதனால் ஃபிஷரும் இணை ஆசிரியர்தான் என்று தீர்ப்பளித்து, இசைக்கான உரிமையில் 40 சதவீதம் கொடுத்தார். ஃபிஷர் கேட்டது பாதி.

2008 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வினோதமான ஒரு முடிவு சொன்னது: இணை ஆசிரியர் என்ற பெயர் இருக்கட்டும், ஆனால் இவ்வளவு காலம் தாழ்த்தியதால் பங்கு கிடையாது. பெயர் உண்டு, காசு இல்லை.

அங்கிருந்து பிரபுக்கள் சபை. 2009 ஜூலை 30-இல் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஃபிஷர் பக்கம் நின்றார்கள். அந்தச் சபை உச்ச நீதிமன்றமாக இயங்கிய கடைசி நாட்கள் அவை. அந்த அக்டோபரில் புதிய உச்ச நீதிமன்றம் வந்துவிட்டது. பதிப்புரிமையில் யாருக்கு எவ்வளவு சொந்தம் என்று கேட்பதற்கு அங்கே சட்டத்தில் காலக்கெடு இல்லை. சரி, தாமதத்தால் எதிர்த்தரப்புக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? இல்லை. ஃபிஷர் பேசாமல் இருந்த அத்தனை வருடமும் முழு வருமானமும் அவர்களுக்கே போயிருக்கிறது. தாமதத்தால் ஆதாயம் அடைந்தவர்கள் அதையே காரணம் காட்டி அவரைத் தடுக்க முடியாது. தீர்ப்பை விரிவாக எழுதியவர் லார்ட் நியூபெர்கர். தேடிப் படியுங்கள், தெளிவான ஆங்கிலம். அறுபதுகளை நினைவில் வைத்திருப்பவர்களில் தானும் ஒருத்தி என்று சொல்லி, அந்த ஆர்கன் பகுதியை உருவாக்கியவருக்கு அங்கீகாரம் கிடைத்ததில் மகிழ்ச்சி தெரிவித்தார் பாரனஸ் ஹேல். அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி அவர்.

கேள்வி: அப்படியானால் கோடிக்கணக்கில் பணம் வந்திருக்குமே?

பழைய பாக்கி எதுவும் வரவில்லை. 2005-இல் வழக்குத் தொடுத்த நாளிலிருந்துதான் பங்கு. அதுவரை மற்றவர்கள் பாட்டைப் பயன்படுத்த அவர் மறைமுகமாக அனுமதி கொடுத்திருந்ததாகவே நீதிமன்றம் கருதியது. பாட்டு அதிகம் விற்ற காலத்துப் பணத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை. வரிகளுக்கான உரிமையும் ரீட்டிடமே இருந்தது.

கேள்வி: புரூக்கர் ஏமாற்றிவிட்டார் என்றுதானே அர்த்தம்?

நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் மெட்டும் வரியும் எழுதியவர்தான் ஆசிரியர், வாசித்தவர் வாசித்தவர்தான். ஊர் முழுக்க இருந்த வழக்கம் அது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு புரூக்கரைத் திருடன் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வழக்கமே தவறாக இருந்தது. ஆர்கனை எடுத்துவிட்டால் நல்ல ஒரு பாட்டு மிஞ்சும், இந்தப் பாட்டு மிஞ்சாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐடன் மாதிரி கூலிக்கு வாசித்துவிட்டுப் போனவர்களை நினைத்தால் இன்னும் வருத்தம். அவர்களுக்காக எந்தச் சபையும் கூடவில்லை.

புரூக்கர் 2022-இலும் ரீட் 2023-இலும் காலமானார்கள்.

கேள்வி: வீட்டுக் கீபோர்டில் வாசிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

இடது கையில் தொடங்குங்கள். சி-யிலிருந்து சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி, மறுபடி சி என்று கீழே இறங்குங்கள். அப்புறம் ஜி-க்குப் போய் ஜி, எஃப், ஈ, டி. கண்ணை மூடிக்கொண்டு வரும்வரை வலது கையைத் தொடாதீர்கள். கீபோர்டில் 'சர்ச் ஆர்கன்' ஒலி வேண்டாம், 'ஹேமண்ட்' அல்லது 'ராக் ஆர்கன்' ஒலியைத் தேர்ந்தெடுங்கள். டிராபார் (ஒலியின் தன்மையை மாற்றும் இழுப்புக் கம்பிகள்) இருந்தால் முதல் நான்கை வெளியே இழுத்து மற்றவற்றை உள்ளே தள்ளுங்கள். சுழலும் ஸ்பீக்கர் எஃபெக்ட் இருந்தால் மெதுவான வேகத்தில் போடுங்கள். வலது கை தொடங்குவது ஈ ஸ்வரத்தில். அதை முழு நேரத்துக்கும் பிடிக்க வேண்டும். புதிதாக வாசிக்கிற எல்லோரும் அந்த ஸ்வரத்தைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இன்றும் யாராவது கேட்கிறார்களா? எந்தப் பதிவு நல்லது?

கேட்காமலா? பிரிட்டனில் கடந்த 75 ஆண்டுகளில் பொது இடங்களில் அதிகம் ஒலித்த பாட்டு இதுதான் என்று 2009-இல் ஒரு பட்டியல் வந்தது. 1977-இல், கடந்த 25 ஆண்டுகளின் சிறந்த பிரிட்டிஷ் தனிப்பாட்டு என்ற பரிசைக் குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்ஸடி'யோடு பகிர்ந்துகொண்டது. வேறு பாடகர்கள் பாடிய பதிவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. 1995-இல் ஆனி லெனக்ஸ் பாடியது அழகாக இருக்கும், ஆனால் கொஞ்சம் மழமழவென்று. கிங் கர்ட்டிஸ் சாக்ஸபோனில் மேடையில் வாசித்த 1971 பதிவைத் தவறவிடாதீர்கள். பாடகர் இல்லாமலே பாட்டு நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முதல் முறை கேட்பவர் என்றால் 1967-இன் மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிவையே கேளுங்கள். ஸ்டீரியோ என்று போட்டு வருபவற்றில் சில, பின்னால் வேறு ஆட்களை வைத்துப் பதிவு செய்தவை. டிரம்ஸைக் கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.