கெராங் சாப்பிட்டு ஆஸ்பத்திரி வரை போனால் யாரிடம் கேட்பது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு ஓர் உணவு அங்காடி மையத்துக்குப் போயிருக்கிறார்கள். கணவரும் மகளும் கெராங் சிப்பி போட்ட சார் கொய் தியாவைப் பகிர்ந்து சாப்பிட, இவர் மட்டும் அசாம் லக்சா. விடிவதற்குள் அந்த இருவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. மகள் கிளினிக்கோடு தேறிவிட்டாள். கணவரை இரண்டு நாள் தனியார் மருத்துவமனையில் வைத்து 2,300 ரிங்கிட் கட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் "வேற எங்கயாவது சாப்பிட்டிருப்பீங்க, ரசீது இருக்கா?" என்கிறார். மைய நிர்வாகம் "மேசை நாற்காலியும் தண்ணிக் கடையும்தான் எங்களுது" என்று ஒதுங்கிவிட்டது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, அங்கே போக வேண்டாம். 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் உடல் பாதிப்பால் எழும் கோரிக்கைகளை அந்த மன்றம் விசாரிக்க முடியாது என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சொல்லிவிட்டது. மீயில் புழு கிடந்து, கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை என்றால் அது அவர்கள் வேலை. ஆஸ்பத்திரி பில் அவர்கள் வேலை இல்லை. இது தெரியாமல் அங்கே மனுப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

உங்களுக்கான இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 5,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பாரம் 198 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும், வழக்கறிஞர் இல்லாமல் வழக்குப் போடுபவரே பேசலாம். ஆனால் வழக்கு உங்கள் கணவர் பெயரில் இருக்க வேண்டும், ஏனென்றால் படுத்தவர் அவர். பில்லோடு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் அவர் சேர்த்துக் கேட்கலாம்.

"காசு கொடுத்தது மனைவிதானே, உங்களுக்கும் எனக்கும் என்ன?" என்று கடைக்காரர் அவரைக் கேட்கக்கூடும். ஸ்காட்லாந்தில் தோழி வாங்கித் தந்த இஞ்சி பீர் பாட்டிலில் செத்த நத்தை இருந்ததாக ஒரு பெண் போட்ட வழக்கில், 1932லேயே, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த லண்டன் பிரபுக்கள் சபை இதற்குப் பதில் சொல்லிவிட்டது: உணவையோ பானத்தையோ தயாரிப்பவர், அதை உட்கொள்பவர் விஷயத்தில் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர், காசு யார் கொடுத்தார் என்பது கேள்வியே இல்லை. நம் நீதிமன்றங்களும் அதே கொள்கையில்தான் நடக்கின்றன. சமைத்தவர் சம்பள ஆள் என்றாலும் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும், அதனால் கடையில் மாட்டியிருக்கும் லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, நிரூபிப்பதுதான் பெரிய வேலை. மறுக்கவே முடியாத அளவுக்கு நிரூபிக்கத் தேவையில்லை, அந்த உணவால்தான் வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஒரே தட்டில் சாப்பிட்ட இருவருக்கும் வந்தது, அதே மேசையில் லக்சா சாப்பிட்ட உங்களுக்கு வரவில்லை; என்னைக் கேட்டால் உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான சாட்சியம் இதுதான். அன்றைக்குப் பகலில் மூவரும் என்ன சாப்பிட்டீர்கள், இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், முதல் வாந்தி எத்தனை மணிக்கு என்பதை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். ரசீது இல்லாதது பெரிய குறையில்லை, அங்காடிக் கடையில் யார் ரசீது கொடுக்கிறார்கள்? டூயிட்நவ் கியூஆரில் கட்டியிருந்தால் நேரம், தொகை, பெறுநர் பெயர் எல்லாம் போனிலேயே இருக்கும். மருத்துவமனையில் மருத்துவ அறிக்கை கேளுங்கள், மலப் பரிசோதனை எடுத்திருந்தால் அதன் முடிவையும். இன்னொன்று, உணவு நச்சுத்தன்மை என்று கண்டால் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவரின் கடமை, அதனால் தெரிவித்தார்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

அவர்கள் தெரிவித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்களும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கடை அசுத்தமாக இருந்தால் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி 14 நாள் வரை மூட வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உணவைக் கையாள்பவர்கள் டைஃபாய்டு ஊசி போட்டிருக்கிறார்களா, பயிற்சிக்குப் போனார்களா என்றும் பார்ப்பார்கள். இதனால் உங்கள் கைக்குப் பணம் வராது, ஆனால் அங்கே ஏதாவது தப்பு கண்டிருந்தால் அது உங்கள் வழக்குக்குப் பெரிய பலம்.

நிர்வாகத்தை இழுக்க வேண்டுமா? தட்டு கழுவுவது மைய ஆட்கள் என்றால் யோசிக்கலாம், ஆனால் அரைவேக்காட்டுக் கெராங்தான் காரணம் என்கிறபோது கடைக்காரரை மட்டும் எதிராளியாகப் போடுவதே நல்லது.

ஃபேஸ்புக்கில் கடை பெயரைப் போட்டு எழுத நினைத்தால் தயவுசெய்து பொறுங்கள். நிரூபிக்க முடியாத ஒரே ஒரு வரி போதும், அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட.

இந்த வாரமே செலவைப் பட்டியல் போட்டு, 14 நாளில் கட்டச் சொல்லி, கணவர் கையெழுத்தோடு லைசென்ஸ் பெயருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். தீபகற்ப மலேசியாவில் வழக்குப் போட ஆறு ஆண்டு வரை நேரம் இருக்கிறது, ஆனால் அதுவரை அந்தக் கடை அங்கேயே இருக்குமா என்பது வேறு விஷயம். பதில் வரவில்லை என்றால் 15ஆவது நாள் பாரம் 198ஐ எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த் நீதிமன்றத்துக்குப் போங்கள்.